என்கிரிப்ட் செய்த பேக்கப்பை ப்ராக்ஸி வழியாகப் பலர் பயன்படுத்தலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஆடிட்டர் அலுவலகம், ஆறு கணினிகள், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இருவரிடம் லேப்டாப். எல்லாவற்றின் பேக்கப்பும் ஒரு சின்ன லினக்ஸ் சர்வரில், ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளின் ஒரே ரெபாசிட்டரியில் (பேக்கப் சேரும் கிடங்கு), ஒரே பாஸ்வேர்டில் சேர்கிறது. இப்போது அந்த ஃபோல்டர் சாம்பா ஷேராக (விண்டோஸ் கணினிகளும் திறக்கும் பகிர்ந்த ஃபோல்டர்) அலுவலக நெட்வொர்க்கில் திறந்திருக்கிறது. அதை என்ஜின்எக்ஸ் என்ற ப்ராக்ஸிக்கு (சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் மென்பொருள்) பின்னால் வைத்து, வெளியே இருக்கும் இருவரும் அதே இடத்தில் எழுதும்படி செய்யலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, என்கிரிப்ட் ஆகித்தானே இருக்கிறது, இணையத்தில் தெரிந்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

செய்யலாம், பெரிய வேலையும் இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொன்று இருக்கிறது: இந்த எட்டுப் பேரில் யார் யாருடைய கோப்புகளைப் படிக்கலாம், யாரால் அழிக்க முடியும்? இதற்கு ப்ராக்ஸி பதில் சொல்லாது. ப்ராக்ஸி, யாரை உள்ளே விடுவது என்பதை மட்டும் பார்க்கும். உள்ளே போனவர் எதைப் படிக்கலாம் என்பது சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிறு அலுவலகங்களுக்குப் பல வருடங்களாக பேக்கப் அமைத்துக் கொடுத்துவருகிறேன். ப்ராக்ஸியை முதலில் அமைத்துவிட்டு சாவியைப் பற்றிப் பிறகு யோசித்த இடங்களில் கடைசியில் எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாகத்தான் தொடங்க வேண்டியிருந்தது. அதனால் சாவியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெஸ்டிக் ரெபாசிட்டரிக்கு உண்மையில் ஒரே ஒரு மாஸ்டர் சாவிதான். தரவு ஏஇஎஸ்-256 முறையில் பூட்டப்படுகிறது, அதன் மேல், யாராவது மாற்றினால் காட்டிக்கொடுக்கும் பாலி1305 முத்திரை விழுகிறது. நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டு தரவை நேரடியாகப் பூட்டுவதில்லை. அது அந்த மாஸ்டர் சாவியைப் பூட்டி 'கீஸ்' என்ற ஃபோல்டரில் ஒரு சிறு கோப்பாக வைக்கிறது. 'கீ ஆட்' கட்டளையால் எட்டுப் பேருக்கு எட்டு பாஸ்வேர்டு கொடுக்கலாம், அப்போது எட்டு சாவிக் கோப்புகள் இருக்கும். ஆனால் எட்டும் திறப்பது ஒரே மாஸ்டர் சாவியைத்தான். ஆக, ஒருவர் உள்ளே நுழைந்தால் எட்டுப் பேரின் எல்லா ஸ்னாப்ஷாட்டும் (ஒவ்வொரு முறையும் எடுத்த பேக்கப்) அவருக்குத் தெரியும். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, ரெஸ்டிக்கின் வடிவமைப்பே அப்படி. வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டை நீக்கினாலும், அவர் அந்தச் சாவிக் கோப்பை முன்பே நகலெடுத்து வைத்திருந்தால், மாஸ்டர் சாவி அவரிடம் இருக்கிறது என்றே கணக்கு.

இதை உங்கள் அலுவலகத்தில் வைத்துப் பாருங்கள். தினமும் தானாக ஓடும் பேக்கப் என்றால், பாஸ்வேர்டு ஒவ்வொரு கணினியிலும் ஏதோ ஒரு கோப்பில் எழுதியிருக்கும். வீட்டுக்குப் போகும் லேப்டாப் ஒன்று திருடு போனால், எல்லா வாடிக்கையாளர்களின் டேலி ஃபோல்டர்களையும் பான் நகல்களையும் திறக்கும் சாவி அதோடு சேர்ந்து போகிறது. ஒரே ரெபாசிட்டரி என்பதால் டீடூப்ளிகேஷனில் இடம் மிச்சமாகும் என்பது உண்மை. ஒரே கோப்பு நான்கு பேரிடம் இருந்தால் ஒருமுறைதான் சேமிக்கப்படும். ஆனால் அலுவலகக் கோப்புகளில் அந்த மிச்சம் இவ்வளவு பெரிய ஆபத்தை ஏற்கும் அளவுக்கு இருப்பதில்லை என்பது என் அனுபவம். உங்கள் தரவில் எவ்வளவு என்பதை நீங்கள்தான் அளந்து பார்க்க வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே ரெபாசிட்டரி என்றால் ஒவ்வொரு கணினியும் எல்லோருடைய இன்டெக்ஸையும் (எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) இறக்கித் தன் கேஷில் (கணினியில் வைத்துக்கொள்ளும் தற்காலிக நகல்) வைத்துக்கொள்ளும். வீட்டு இணைப்பில் இருப்பவருக்கு அது வீண் சுமை.

ஆகவே என் பரிந்துரை: ஆளுக்கொரு ரெபாசிட்டரி, ஆளுக்கொரு பாஸ்வேர்டு. எல்லா பாஸ்வேர்டுகளும் அலுவலகப் பொறுப்பாளர் ஒருவரிடம் இருக்கட்டும். சர்வரும் ப்ராக்ஸியும் பொதுவாக இருந்தால் போதும்.

அடுத்தது, என்கிரிப்ட் ஆகித்தானே இருக்கிறது என்ற கேள்வி. நல்ல பாஸ்வேர்டு என்றால், உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை அது சரி. சாவி இல்லாதவருக்குக் கோப்புப் பெயர்கூடத் தெரியாது. ஆனால் ரெபாசிட்டரியை நேரடியாகப் படிக்க முடிந்தவருக்குச் சில விஷயங்கள் தெரியும். 'கீஸ்' ஃபோல்டரில் உள்ள ஒரு கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். ஜேசன் வடிவில், எந்தக் கணினியில், எந்தப் பயனர் பெயரில், எந்தத் தேதியில் அந்தச் சாவி உருவானது என்று பூட்டாமல் எழுதியிருக்கும். அதன் கீழே, பாஸ்வேர்டிலிருந்து சாவியை உருவாக்கும் ஸ்கிரிப்ட் (scrypt) என்ற கணக்கீட்டுக்கான எண்களும், அதில் கலக்கும் சால்ட் என்ற தற்செயல் எண்ணும், கடைசியில் பூட்டிய மாஸ்டர் சாவியும் இருக்கும். அந்தச் சிறு கோப்பு மட்டும் கிடைத்தால் போதும், வீட்டில் உட்கார்ந்து பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருக்கலாம். உங்கள் சர்வர் தடுக்காது, அதற்குத் தெரியவும் தெரியாது. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஊகத்தையும் வேண்டுமென்றே மெதுவாக்குகிறது, ஆனால் அலுவலகப் பெயரோடு வருடத்தைச் சேர்த்த பாஸ்வேர்டை அதனாலும் காப்பாற்ற முடியாது. தரவு எவ்வளவு பெரிது, எந்த இரவில் எவ்வளவு கூடியது என்பதும் பார்ப்பவருக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, என்கிரிப்ஷன் படிப்பதைத்தான் தடுக்கும், அழிப்பதைத் தடுக்காது.

அழிப்பது என்று வந்தால் உங்கள் இப்போதைய சாம்பா ஷேர்தான் எனக்குப் பெரிய கவலை. எழுத அனுமதி உள்ள ஒரு விண்டோஸ் கணினியில் ரான்சம்வேர் புகுந்தால், ஷேரில் தெரியும் எல்லாக் கோப்பையும் அது தன் சாவியால் பூட்டிவிடும். ஏற்கெனவே பூட்டியிருக்கிறதா என்று பார்க்காது. ப்ராக்ஸி வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளினாலும் பரவாயில்லை, இந்த ஷேரை இந்த வாரமே மூடுங்கள்.

அதன் இடத்தில் ரெஸ்டிக் குழுவினரே எழுதிய ரெஸ்ட்-சர்வரை வையுங்கள். சின்ன நிரல், வழக்கமாக 8000 போர்ட்டில் காத்திருக்கும். மூன்று அமைப்புகள் உங்களுக்குத் தேவை. முதலாவது 'அப்பெண்ட்-ஒன்லி': புதிதாக எழுதலாம், படிக்கலாம், இருப்பதை மாற்றவோ அழிக்கவோ முடியாது. லாக் கோப்புகளை (வேலை நடக்கிறது என்று காட்டும் தற்காலிகக் குறிப்புகள்) மட்டும் அழிக்கலாம், அது இல்லாமல் ரெஸ்டிக் ஓடாது. இரண்டாவது 'பிரைவேட்-ரெப்போஸ்': குமார் என்று உள்ளே வருபவர் குமார் என்ற பாதைக்குள் மட்டுமே போகலாம். மூன்றாவது, யார் யார் வரலாம் என்ற ஹெச்டிபாஸ்வேர்டு (.htpasswd) கோப்பு. அதில் பாஸ்வேர்டுகளை பிகிரிப்ட் (bcrypt) என்ற, திரும்பப் படிக்க முடியாத முறையில் வையுங்கள். இங்கே பலரும் குழம்புவார்கள், எனவே தெளிவாகச் சொல்கிறேன்: சர்வருக்குள் நுழைய ஒரு பாஸ்வேர்டு, ரெபாசிட்டரியைத் திறக்க இன்னொரு பாஸ்வேர்டு. இரண்டும் வேறுவேறு வேலைக்கு. ஒன்றையே இரண்டுக்கும் வைக்காதீர்கள். ஏனென்றால் முதலாவதை ப்ராக்ஸி பார்க்கும், இரண்டாவது கணினியை விட்டு வெளியே போவதே இல்லை.

சரி, இப்போது ப்ராக்ஸி. ரெஸ்ட்-சர்வரை 127.0.0.1 முகவரியில் (அந்த சர்வருக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி) மட்டும் காத்திருக்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் அலுவலகத்துக்குள் இருப்பவர் ப்ராக்ஸியைத் தாண்டி 8000 போர்ட்டுக்கே போய்விடலாம், அங்கே ஹெச்டிடிபிஎஸ் இருக்காது. ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் என்ஜின்எக்ஸில் இருக்கட்டும், அது உள்ளே ரெஸ்ட்-சர்வருக்கு அனுப்பட்டும். முடிந்தால் பேக்கப்புக்கென்று தனி சப்டொமைன் வையுங்கள். இருக்கும் தளத்தின் கீழே ஒரு துணைப்பாதையாக வைத்தால், ப்ராக்ஸி-பாஸ் வரியின் கடைசியில் உள்ள ஒரு சாய்கோடு எல்லாவற்றையும் மாற்றிவிடும். அது இருந்தால் என்ஜின்எக்ஸ் துணைப்பாதையை வெட்டிவிட்டு அனுப்பும், இல்லாவிட்டால் முழுப் பாதையும் போகும். அப்போது பாதையின் முதல் துண்டு பயனர் பெயராக இருக்காது, பிரைவேட்-ரெப்போஸ் உள்ளே விடாது. பாஸ்வேர்டு தப்பு என்று நினைத்து மணிக்கணக்காகத் தேடுவார்கள். என்ஜின்எக்ஸிலும் தனியாக ஒரு பாஸ்வேர்டு கேட்க நினைத்தால் கவனம்: இரண்டும் கோரிக்கையோடு வரும் ஒரே பாஸ்வேர்டு ஹெடரைத்தான் பார்க்கும், எனவே இரண்டு இடத்திலும் ஒரே பெயரும் பாஸ்வேர்டும் இருந்தால்தான் நடக்கும். ஓரிடத்தில் கேட்பதே போதும், அது ரெஸ்ட்-சர்வராக இருக்கட்டும்.

அடுத்து, எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். ரெபாசிட்டரியைத் தொடங்கும் 'இனிட்' கட்டளை அழகாக ஓடிவிடும், ஏனென்றால் அது அனுப்புவது இரண்டு சின்னக் கோப்புகள்தான். எல்லாம் சரி என்று நினைத்து முதல் பேக்கப்பைத் தொடங்கினால் 413 என்ற பிழை வந்துகொண்டே இருக்கும். ரெஸ்டிக் திரும்பத் திரும்ப முயன்று கடைசியில் நின்றுவிடும். காரணம் எளிது. ரெஸ்டிக் துண்டுகளைச் சேர்த்து சுமார் 16 எம்பி அளவுள்ள பேக் கோப்புகளாக அனுப்புகிறது. என்ஜின்எக்ஸோ, நீங்கள் மாற்றாதவரை, 1 எம்பிக்கு மேல் எதையும் உள்ளே விடாது. 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' என்ற வரியில் 0 என்று கொடுத்தால் வரம்பே இல்லை. வரம்பு வேண்டும் என்றால் 200 எம்பி தாராளம், ஏனென்றால் பேக் அளவை நீங்களே கூட்டினாலும் ரெஸ்டிக் அனுமதிக்கும் உச்சம் 128 எம்பிதான்.

இன்னும் இரண்டு வரிகள். 'ப்ராக்ஸி ரிக்வெஸ்ட் பஃபரிங்' என்பதை நிறுத்துங்கள். அது ஓடினால் ஒவ்வொரு பேக்கையும் என்ஜின்எக்ஸ் முழுதாக வாங்கித் தன் தற்காலிகக் கோப்பில் எழுதி, அப்புறம்தான் ரெஸ்ட்-சர்வருக்குக் கொடுக்கும். ஒவ்வொரு பைட்டும் இருமுறை எழுதப்படும். சர்வர் எஸ்டி கார்டிலிருந்து ஓடுகிறது என்றால் கார்டின் ஆயுளைக் குறைக்கும். அடுத்தது 'ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்'. வழக்கம் 60 வினாடி. தூங்கிப்போன யுஎஸ்பி டிஸ்க் எழுந்து, ஆயிரக்கணக்கான கோப்புகளைப் பட்டியலிடும்போது இது போதாமல் 504 (பதில் வரத் தாமதம்) என்ற பிழை வரலாம், 300 வினாடி ஆக்கிவிடுங்கள். என்ஜின்எக்ஸே வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றால் கேடி (Caddy) என்ற ப்ராக்ஸியைப் பாருங்கள். சான்றிதழைத் தானே வாங்கும், இந்த 1 எம்பி வரம்பும் அதில் கிடையாது. இருக்கும் என்ஜின்எக்ஸை மாற்றும் அளவுக்கு இது பெரிய காரணம் அல்ல, புதிதாக வைப்பவருக்கு மட்டும் சொல்கிறேன்.

ப்ராக்ஸி என்றதும் சிலர் எதிர்த்திசையில் உள்ளதை நினைப்பார்கள். உங்கள் ஆட்களில் ஒருவர் வாடிக்கையாளர் நிறுவனத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார், அங்கிருந்து வெளியே போக அந்த நிறுவனத்தின் ப்ராக்ஸி வழியாகத்தான் போக வேண்டும் என்றால், அதற்கு சர்வரில் ஒன்றும் செய்ய வேண்டாம். அவர் கணினியில் ஹெச்டிடிபிஎஸ்-ப்ராக்ஸி என்ற சூழல் மாறியில் அந்த முகவரியைக் கொடுத்தால் ரெஸ்டிக் அதன் வழியே போகும். சான்றிதழ் பிழை வந்தால் அந்த ப்ராக்ஸி இணைப்பை நடுவில் திறந்து பார்க்கிறது என்று அர்த்தம். அங்கே 'இன்செக்யூர்-டிஎல்எஸ்' போட்டுத் தாண்டிப் போகாதீர்கள். அந்த நிறுவனத்தின் அனுமதியோடு அவர்கள் தரும் சான்றிதழை 'கேசெர்ட்' வழியாகக் கொடுங்கள். அப்போதும் நுழைவு பாஸ்வேர்டு அவர்களுக்குத் தெரியும், உள்ளடக்கம் தெரியாது. கிளவுட்ஃபிளேர் போன்ற சேவையை முன்னால் வைத்தாலும் கணக்கு இதேதான்.

எட்டுப் பேரும் ஒரே கிடங்கில்தான் எழுத வேண்டும், டீடூப்ளிகேஷன் கட்டாயம் வேண்டும், ஆனால் ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்கக் கூடாது என்றால் ரெஸ்டிக்கில் வழி இல்லை. கோபியா என்ற மென்பொருளின் ரெபாசிட்டரி சர்வர் அதற்காகவே இருக்கிறது. அதில் ரெபாசிட்டரி பாஸ்வேர்டு சர்வரிடம் மட்டும் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, சர்வரே நடுவில் நின்று அவரவர் ஸ்னாப்ஷாட்டை மட்டும் காட்டும். விலை என்னவென்றால், அந்த சர்வரை முழுக்க நம்ப வேண்டும். அதைக் கைப்பற்றியவர் எல்லாவற்றையும் படிக்கலாம். ரெஸ்ட்-சர்வரிடம் சாவியே இல்லை என்பதால் அங்கே இந்தப் பயம் இல்லை. கோபியாவை என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் வைப்பதும் கொஞ்சம் வேறு மாதிரி. அது ஜிஆர்பிசி என்ற தொடர்பு முறையில் பேசுகிறது, அதற்கு ஹெச்டிடிபி/2 வேண்டும், எனவே சாதாரண ப்ராக்ஸி-பாஸ் போதாது, ஜிஆர்பிசி-பாஸ் வேண்டும். கிளையன்ட்கள் சர்வர் சான்றிதழின் கைரேகையை வைத்து அடையாளம் காணும்படி அமைத்திருந்தால், நடுவில் என்ஜின்எக்ஸ் தன் சான்றிதழைக் காட்டும்போது பொருந்தாது. நடுவில் என்கிரிப்ஷனைத் திறக்காமல், இணைப்பை அப்படியே டிசிபி அளவிலேயே கடத்திவிடுவது சுலபம். போர்க் என்ற இன்னொரு பேக்கப் மென்பொருள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) வழியாகப் போவது, அதற்கு ஹெச்டிடிபி ப்ராக்ஸி தேவையில்லை. ஒரு ரெபாசிட்டரியில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பதால், பலர் பகிரும் இந்த வேலைக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

அப்பெண்ட்-ஒன்லி வைத்தால் பழையதை யார் களைவது? கணினிகளிலிருந்து 'ஃபர்கெட்' (பழைய ஸ்னாப்ஷாட்டை நீக்குவது), 'ப்ரூன்' (தேவையற்ற தரவை அழிப்பது) இரண்டும் ஓடாது, ஓடவும் கூடாது. ரெஸ்ட்-சர்வர் டிஸ்கில் வைக்கும் ஃபோல்டர் அமைப்பு சாதாரண ரெஸ்டிக் ரெபாசிட்டரியேதான். எனவே பொறுப்பாளர் தன் கணினியிலிருந்து எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்ஹெச் மேல் ஓடும் கோப்புப் பரிமாற்றம்) வழியாக, ரெஸ்ட்-சர்வர் ஓடும் அதே பயனராக உள்ளே போய் மாதம் ஒருமுறை களையலாம். வேறு பயனராகப் போனால் கோப்பு அனுமதிகள் குழம்பி அடுத்த நாள் பேக்கப் நின்றுவிடும். இந்தக் களைதலைத் தானியங்கியாக ஆக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். கடைசிப் பத்தை மட்டும் வைத்துக்கொள் என்று விதி வைத்திருக்கிறீர்கள். ஒரு கணினி திருடன் கையில் சிக்குகிறது. அவனால் அழிக்க முடியாது, ஆனால் வெற்று ஸ்னாப்ஷாட் பத்தைச் சேர்க்க முடியும். அடுத்த களைதலில் உங்கள் உண்மையான பேக்கப்பை உங்கள் விதியே தூக்கி எறியும். எண்ணிக்கைக்குப் பதிலாக 'கீப்-வித்தின்' என்ற கால அளவு விதியை வையுங்கள். களையும் முன் ஸ்னாப்ஷாட் பட்டியலைக் கண்ணால் பாருங்கள். தேதி வருங்காலத்தில் இருந்தாலோ, ஒரே நாளில் வழக்கத்துக்கு மாறாகப் பல இருந்தாலோ நிறுத்திவிடுங்கள்.

இதை இணையத்துக்குத் திறக்க வேண்டுமா என்றால், இரண்டே பேர் வெளியே இருக்கும்போது நான் திறக்க மாட்டேன். வயர்கார்டு விபிஎன் வைத்து, ப்ராக்ஸியை அதன் வழியாக மட்டும் தெரியும்படி வைப்பேன். இது என் விருப்பம், விதி அல்ல. மேலே சொன்னபடி அமைத்து, அப்டேட்களை விடாமல் போடுகிறவர் திறந்து வைத்தாலும் தவறில்லை. உங்கள் இணைப்பில் பொது ஐபி இருக்கிறதா என்பதை நீங்கள் சொல்லவில்லை. பல பிராட்பேண்ட் இணைப்புகள் சிஜிநேட்டுக்கு (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிரும் முறை) பின்னால் இருக்கின்றன, அப்போது போர்ட் ஃபார்வர்டிங் செய்தாலும் வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. ரூட்டர் காட்டும் வான் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்களுடையதும் அப்படித்தான். நிலையான ஐபி வாங்க வேண்டும், அல்லது டெய்ல்ஸ்கேல் மாதிரி இரு பக்கமும் உள்ளிருந்து வெளியே போய்ச் சந்திக்கும் வழியைப் பார்க்க வேண்டும்.

லேப்டாப்களின் முதல் பேக்கப்பை மட்டும் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, கேபிள் மாட்டி எடுங்கள். 500 ஜிபி தரவை 40 எம்பிபிஎஸ் அப்லோடில் அனுப்ப சுமார் 28 மணி நேரம் ஆகும், அதுவும் வேகம் குறையாமல் இருந்தால். அதன் பிறகு தினமும் போவது மாறிய துண்டுகள் மட்டும்தான். லேப்டாப்பைப் பாதியில் மூடிவிட்டால் ஒரு லாக் தங்கிவிடும், அடுத்த பேக்கப்பை அது தடுக்காது. ப்ரூனைத் தடுக்கும், ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் புதுப்பிக்கப்படாத லாக்கை ரெஸ்டிக் பழையது என்று எடுத்துக்கொள்ளும், 'அன்லாக்' கொடுத்து நீக்கலாம்.

டிஸ்க் சரியாக இருக்கிறதா என்பதை சர்வரிலேயே, எந்த பாஸ்வேர்டும் இல்லாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 'டேட்டா' ஃபோல்டருக்குள் 00 முதல் எஃப்எஃப் வரை 256 துணை ஃபோல்டர்கள் இருக்கும். அவற்றில் உள்ள ஒவ்வொரு கோப்பின் பெயரும் அந்தக் கோப்பின் ஷா-256 கணக்கேதான் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை). கணக்கைப் போட்டுப் பெயரோடு ஒப்பிட்டால் எந்தக் கோப்பு கெட்டது என்று தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை ஒரு சிறு ஸ்கிரிப்டில் ஓடவிடலாம். ஆனால் இது கெட்டுப்போனதைத்தான் காட்டும், காணாமல் போனதைக் காட்டாது. அதற்குப் பொறுப்பாளர் தன் கணினியிலிருந்து 'செக்' ஓட்ட வேண்டும், கூடவே 'ரீட்-டேட்டா-சப்செட்' கொடுத்து மாதம் பத்தில் ஒரு பங்கையாவது படித்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இதுவரை ரெஸ்டிக்கே இல்லாத ஒரு கணினியை வெளி இணைப்பில் வைத்து, விபிஎன், ப்ராக்ஸி, இரண்டு பாஸ்வேர்டு என்று எல்லாவற்றையும் தாண்டி ஒரு வாடிக்கையாளரின் டேலி ஃபோல்டரை மீட்டு, டேலியில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டுகளை அந்த நேரத்தில் சர்வரிலிருந்து எடுக்கக் கூடாது, காகிதத்தில் எழுதிப் பீரோவில் வைத்த பிரதியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.